பட்டம் முடித்து வேலை தேடும் தங்கச்சிக்கு

முகாமைத்துவப் பட்டம் முடித்து ஒரு வருடம், நேர்முகத்துக்குப் போனாலும் பதில் இல்லை, சொந்தக்காரர் கேட்பார்கள் என்று கல்யாண வீட்டுக்கும் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்க மனம் கனத்துப்போனது.

பதில் வராதது உங்கள் தகுதிக்கான தீர்ப்பு அல்ல. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அப்படித்தான் தோன்றும். காலையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் போய் இருந்து விண்ணப்பங்களை எழுதிப் பாருங்கள். கூடப் படித்தவர்களில் இன்னும் தேடுகிற இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் பதில் சொல்லிப் பழகினால் நேர்முகப் பயம் நன்றாகக் குறையும்.

சொந்தக்காரர் கேட்டால், "கணக்கியல் பக்கம் தேடுகிறேன், தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கோ" என்று நேராகக் கேளுங்கள். எங்கள் ஊரில் பல வேலைகள் வாய்வழியாகத்தான் தெரியவரும். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். அரச நியமனத்தை எதிர்பார்ப்பதில் பிழையில்லை, அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், நித்திரை இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதைச் சாதாரணமாக விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அம்மாவிடமும் இன்றைக்கே சொல்லுங்கள்.