ரான்ச் என்றால் பண்ணையா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘ஃபார்ம்’ வருகிறது, ‘ரான்ச்’சும் வருகிறது. இரண்டுக்கும் பண்ணை என்றே போட்டேன். ஓர் இடத்தில் ஒருவர், “நாங்கள் ஃபார்ம்காரர்கள் இல்லை, ரான்ச்காரர்கள்” என்று கோபப்படுகிறார். என் தமிழில் அது “நாங்கள் பண்ணைக்காரர்கள் இல்லை, பண்ணைக்காரர்கள்” என்று வந்து நிற்கிறது. போதாததற்கு இன்னொருத்தி சாலட்டில் ரான்ச் ஊற்றுகிறாள். என்ன செய்யலாம்?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் அவர் கோபம் நியாயமானது. ஃபார்ம் என்றால் உழவு, விதைப்பு, அறுப்பு. ரான்ச்சில் விளைவது புல்தான். அதை மாடு மேயும், மாட்டை விற்றால் காசு. மழை குறைந்த மேற்குப் பக்கத்தில் ஒரு மாடு வருஷம் முழுக்க மேய இருபது முப்பது ஏக்கர்கூடப் போதாமல் போகும். அதனால்தான் அவ்வளவு நிலம். டெக்சாஸில் 1853-இல் தொடங்கிய கிங் ரான்ச் சுமார் 8,25,000 ஏக்கர். நமக்கோ பண்ணை என்றதும் கோழிப்பண்ணைக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. (ஒரு ரான்ச்காரரிடம் எத்தனை மாடு என்று கேட்பதும் அங்கே மரியாதையில்லை. பேங்கில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பது மாதிரி.)

சொல் ஸ்பானிய மொழியின் ‘ராஞ்சோ’விலிருந்து வந்தது. ஸ்பெயினில் அது படைவீரர்கள் கூடிச் சாப்பிடும் சாப்பாடு. மெக்சிகோவுக்குப் போனதும் குடிசை, சிறு குடியிருப்பு, அப்புறம் மாடு வளர்க்கும் இடம் என்று ஆனது. லாசோ (மாட்டை வீசிப் பிடிக்கும் சுருக்குக் கயிறு), ரோடியோ (மாட்டுக்காரர்களின் வீர விளையாட்டு) எல்லாமே மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்தான். அர்ஜென்டினாவில் ராஞ்சோ என்றால் இன்றும் ஏழையின் குடிசை. பெரிய மாட்டு நிலத்துக்கு அங்கே எஸ்தான்சியா என்று பெயர், ஆஸ்திரேலியாவில் ஸ்டேஷன்.

நம்மிடம் இதற்குக் கிட்டத்தில் வருவது காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஆனாலும் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். போட்டால் டெக்சாஸில் காங்கேயம் காளை வந்து நிற்கும். முதல் இடத்தில் ‘மேய்ச்சல் பண்ணை’ என்று எழுதிவிட்டு, பிறகு ரான்ச் என்றே விட்டுவிடலாம். உங்கள் கோபக்காரர், “நாங்க வெள்ளாமை பண்றவங்க இல்ல, மாடு வளக்கிறவங்க” என்று சொல்லட்டும்.

சாலட் விஷயம் சுலபம். 1950-களில் கலிஃபோர்னியாவில் சாந்தா பார்பரா பக்கம் ஸ்டீவ் ஹென்சன் என்பவர் ஹிடன் வேலி ரான்ச் என்று ஒன்றை நடத்தினார். வந்த விருந்தாளிகளுக்கு மோர், மயோனைஸ், பூண்டு, தழைகள் கலந்த குழம்பு ஒன்றைப் பரிமாறினார். இடத்தின் பெயர் குழம்புக்கு ஒட்டிக்கொண்டது. ‘ரான்ச் சாஸ்’ என்று போடுங்கள், போதும்.

கதையில் ‘ரான்ச் ஹவுஸ்’ வந்தால் அங்கே மாட்டைத் தேட வேண்டாம். புறநகரில் கட்டும் மாடியில்லாத நீள வீட்டுக்கும் அந்தப் பெயர்தான்.