மல்லிக்கட்டு மழையில் நனைந்தால்

சேலம் சூரமங்கலம் உழவர் சந்தைக்குக் கொண்டு போகும் கொத்தமல்லி சித்திரை மழையில் நனைந்து, விடிவதற்குள் அழுகிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். சகோ, நம் பக்கம் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல், வெயில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் இடியோடு இறங்கும், அதனால் சாயங்காலம் பிடுங்காமல் காலையில் பனி ஈரம் காய்ந்ததுமே பிடுங்கி நிழலில் வைத்துவிடுங்கள். வேரைக் கழுவ வேண்டாம், மண்ணைத் தட்டினால் போதும். அப்படியும் நனைந்துவிட்டால் கட்டை அவிழ்த்து, சாக்கில் பரப்பி, ஃபேன் போட்டு இலை ஈரம் போன பிறகு கட்டுங்கள். நான் ஒரு தடவை ஈரக்கட்டைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடிவிட்டேன், விடியற்காலையில் பிரித்தால் நடுவில் ஒரே சூடு, இலை கொழகொழவென்று கையோடு வந்தது, வயிறு எரிந்துவிட்டது. அப்புறம், மல்லியை மட்டும் நம்பாமல் சுரைக்காய், பூசணி என்று இரண்டு நாள் தாங்கும் காயும் சேர்த்துக் கொண்டு போங்கள்.