‘ஃபிலிம் போட்டுப் பார்த்தது’ என்று விற்ற கேமரா

கேள்வி: ஆன்லைனில் ஒருவரிடம் 38–105 மி.மீ. ஜூம் உள்ள பழைய ஆட்டோமேடிக் ஃபிலிம் கேமரா வாங்கினேன். ‘ஃபிலிம் போட்டுப் பார்த்தது, எல்லா வசதியும் வேலை செய்கிறது’ என்று விளம்பரம். ஜூம் செய்த படங்கள் மங்கல், பலவற்றில் செம்மஞ்சள் கோடு, தேதிப் பதிவில் இந்த ஆண்டே வரவில்லை. அக்கா கல்யாணப் படங்கள் பாழ். ரிப்பேர் கடையில் திறந்து பார்த்தோம். விற்றவர் பதிலே சொல்வதில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: கல்யாணத்தையும் அவருடைய மௌனத்தையும் ஒதுக்கி வையுங்கள். விளம்பரத்தின் அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு. ‘உள்ளது உள்ளபடி’ என்று விற்றிருந்தால் பேச்சே இல்லை. ஸ்கிரீன்ஷாட் இல்லையென்றால் இன்றே எடுங்கள்.

மூன்று புகாரில் இரண்டு நிற்காது. 105-இல் லென்ஸ் துளை மிகச் சிறியது. மண்டபத்து வெளிச்சத்தில் 100 ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு குறைந்த) ஃபிலிமுக்குப் போதாது, கை அசைவு பதியும், ஃபிளாஷும் சில மீட்டருக்கு மேல் எட்டாது. இந்த ரகக் கேமராக்களின் இயல்பே அது. தேதியும் அப்படித்தான், பலவற்றின் நாட்காட்டி குறிப்பிட்ட ஆண்டோடு முடிந்துவிடும். இவற்றை நோட்டீஸில் எழுதினால் மூன்றாவதும் சேர்ந்து அடிபடும்.

அந்த மூன்றாவது, செம்மஞ்சள் கோடு. வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்கதவின் நுரைப்பட்டை மக்கி, ஃபிலிமின் முதுகுப் பக்கம் வெளிச்சம் பட்டால் அந்த நிறம்தான் வரும். கோடு படச் சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரை ஓடுகிறதா என்று நெகட்டிவில் பாருங்கள். ஓடினால் கசிவு உறுதி. ஸ்கேனில் ஓரம் தெரியாது, நெகட்டிவைப் பத்திரப்படுத்துங்கள்.

வழக்கு என்று வருபவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது, நீங்களும் செய்துவிட்ட ஒன்றில்: விற்றவருக்கு எழுத்தில் சொல்லாமலே கேமராவைத் திறப்பது. பழைய நுரையைச் சுரண்டி எறிந்திருந்தால் சாட்சியம் குப்பையில். லென்ஸ் குழலுக்குள் ஓடும் மெல்லிய ரிப்பன் கேபிள் அறுந்திருந்தால், ‘உங்கள் ஆள்தான் கெடுத்தார்’ என்பார், மறுப்பது கஷ்டம். கடைக்காரரிடம் என்ன கண்டார், எதைத் தொட்டார் என்று தேதியிட்டு எழுதி வாங்குங்கள். இனி அதில் ஃபிலிம் போடாதீர்கள். புகாருக்குப் பிறகும் பயன்படுத்தினால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே வாதிடுவார்கள்.

போன படங்களுக்கு நஷ்ட ஈடு கேட்காதீர்கள். ஒரு ரோல்கூடச் சோதிக்காமல் கல்யாணத்துக்கு ஏன் கொண்டுபோனீர்கள் என்பதுதான் முதல் குறுக்குக் கேள்வி.

சமாதானமாகப் போங்கள். கேமரா உங்களிடமே இருக்கட்டும், விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரட்டும் என்று எழுதுங்கள். முழுப் பணத்துக்கு ஒப்புக்கொண்டால், சீரியல் எண் தெரியப் படம் எடுத்துவிட்டு, பணம் வந்தபின் அனுப்புங்கள்.