பயத்தங்காய்க்கு இயற்கை முறையா, உரமும் மருந்துமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் பயத்தங்காய் போட எந்த முறை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உரத்தில் நான் இயற்கை முறையின் பக்கம்தான். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. 46 சதவீதம் நைட்ரஜன் உள்ள யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு குறையும். கொடி தழைக்கும், காய் குறையும். நம் தோட்டங்களில் இளம் ரப்பர், செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே பயறு வகையைச் சேர்ந்த பியூராரியா கொடியைப் படரவிட்டதற்கு இந்த நைட்ரஜனும் ஒரு காரணம். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது.

நம் மண் பெரும்பாலும் புளிப்பு மண். எந்த முறையானாலும் விதைக்கு முன்பே, புளிப்பைக் குறைக்க டோலமைட் சுண்ணாம்பு போட்டுவிடுங்கள்.

பூச்சியில்தான் இயற்கை முறை சிரமம். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் ஓரளவு கேட்கும். புழு காய்க்குள் துளைத்துப் போய்விட்டால் கேட்காது, தினமும் பார்த்துப் பொறுக்க வேண்டும். மருந்து வேகமாகக் கொல்லும், சரி. ஆனால் பயத்தங்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். மருந்து அடித்தபின் பறிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று பல மருந்துப் போத்தல்களில் போட்டிருக்கும் நாளோ அதைவிட அதிகம். பிள்ளைகள் சாப்பிடும் காயில் அந்த ஆபத்து வேண்டாம். சந்தைக்கு நிறையப் போடுபவர்கள் மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால், காய் பறிக்கத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளட்டும்.