மாடிக்கு அனுமதி இல்லாத வீட்டை வாங்கலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு தனி வீட்டை விலை பேசியிருக்கிறோம். தரைத்தளத்துக்கு வரைபட அனுமதி இருக்கிறது. மாடியை 2015இல் அனுமதி வாங்காமல் எழுப்பியிருக்கிறார்கள். "மனையை வரன்முறை செய்தாயிற்று, இதோ ஆணை. வீட்டு வரியும் இரண்டு தளத்துக்கும் கட்டுகிறோம். மாடியையும் அரசுத் திட்டத்தில் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்" என்கிறார் விற்பவர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் காட்டும் ஆணை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது மனைக்கான ஆணை, மாடிக்கானது அல்ல. வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அனுமதியில்லாததைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டப்படி ஏற்றுக்கொள்வதுதான் வரன்முறை. தமிழ்நாட்டில் இரண்டு தனித்தனி வரன்முறைத் திட்டங்கள் உண்டு. ஒன்று, அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017இல் வந்தது. 20.10.2016க்கு முன்பு பத்திரப்பதிவாகி விற்கப்பட்ட மனைகளுக்கு அது பொருந்தும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதிவதைத் தடுக்கும், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்த நாள் அது. இன்னொன்று கட்டடங்களுக்கானது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவின்படி, 1.7.2007 அன்றோ அதற்கு முன்போ கட்டி முடித்த கட்டடங்களுக்குத்தான் அந்தச் சலுகை. உங்கள் மாடி எழும்பியது 2015இல். எவ்வளவு பணம் கட்டத் தயாராக இருந்தாலும் அந்த வாசல் வழியாக அது நுழைய முடியாது.

வீட்டு வரி ரசீதையும் நம்ப வேண்டாம். கட்டடம் எழும்பி நிற்பதைப் பார்த்து உள்ளாட்சி வரி போடுகிறது. வரி வாங்கியதாலேயே அனுமதி கொடுத்ததாக ஆகாது. மின் இணைப்பு அட்டையும் அப்படித்தான். வில்லங்கச் சான்றிதழில் அடமானமும் விற்பனையும் தெரியும். விதிமீறிய மாடி தெரியாது. அதனால் "வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது" என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள்.

வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் இன்னொரு சிக்கல். 17.12.2024 அன்று, மீரட் நகரின் ஒரு விதிமீறல் வழக்கில், நிறைவுச் சான்றிதழை (அனுமதித்த வரைபடப்படி கட்டி முடித்ததற்கான சான்று) சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வரன்முறை என்பது அரிதான சூழலில் மட்டுமே என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சிறிய வீடுகளுக்கு நம் மாநிலத்தில் நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆனாலும் வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டை அளப்பார். வரைபடத்தில் இல்லாத மாடி அங்கே சிக்கிக்கொள்ளும்.

நேரான வழி ஒன்று இருக்கிறது. பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்துப் போய் அளக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடம், உயரம், தளப்பரப்புக் குறியீடு (மனையின் அளவுக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) எல்லாம் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால், திருத்திய வரைபட அனுமதிக்கு விற்பவரே இப்போது விண்ணப்பிக்கலாம். அதற்கான கட்டணத்தையும் அபராதத்தையும் அவரே கட்டட்டும். ஆணை அவர் கைக்கு வந்த பிறகுதான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். "வாங்கிய பிறகு நீங்களே செய்துகொள்ளுங்கள், விலையில் குறைத்துக்கொள்கிறேன்" என்றால், இடிக்கும் செலவும் மாடி இல்லாத வீட்டின் மதிப்பும் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். நோட்டீஸ் வரும் நாளில் கட்டியவரைத் தேடிப் போக மாட்டார்கள். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் வருவார்கள்.

கேள்வி: சீக்கிரமே இன்னொரு வரன்முறைத் திட்டம் வரும், காலவரம்பையும் நீட்டிப்பார்கள் என்கிறார் எங்கள் தரகர். காத்திருக்கலாமா?

பதில்: வரலாம். ஆனால் வரும் என்று நம்பி உங்கள் சேமிப்பை அதில் போடாதீர்கள். 28.2.1999 வரையிலான கட்டடங்களுக்குத்தான் தமிழ்நாட்டில் முதலில் சலுகை கொடுத்தார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று ஆண்டுக்கு ஆண்டு அதை நீட்டினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் திட்டத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு, பின்னால் வந்த நீட்டிப்புகளை ரத்து செய்துவிட்டது. நீட்டிப்பை நம்பிக் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கர்நாடகத்தின் 'அக்ரம-சக்ரம' என்ற வரன்முறைத் திட்டத்துக்கு 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தெலங்கானாவில் 2020இல் ஆயிரம் ரூபாய் கட்டி மனை வரன்முறைக்கு விண்ணப்பித்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். விண்ணப்ப எண் வேறு, ஆணை வேறு. தரகர் நீட்டுவது எது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டின் பின்பக்கம் காலியாக விட வேண்டிய இடத்தில் 2005இல் ஓர் அறை கட்டினோம். எங்களுக்கு 113-சி பொருந்துமா?

பதில்: தேதிப்படி பொருந்தும். ஆனால் தேதியை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2007க்கு முந்தைய சொத்து வரி விதிப்பு, மின் இணைப்பு ஆவணம், கட்டடத்தின் விவரம் எழுதிய பழைய பத்திரம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். நீர்நிலை, புறம்போக்கு, சாலை, பொதுத் திறந்தவெளி ஆகியவற்றை ஆக்கிரமித்த கட்டடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதைச் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் (சி.எம்.டி.ஏ.), மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் நேரில் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டோம். மாடி அனுமதியற்றது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. விற்றவர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: முதலில் நோட்டீசுக்குக் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பலர் பயந்துபோய் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், பிறகு பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள் என்று அழுகிறார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசிடம் முறையிடவும் வழி இருக்கிறது. மீறிய பகுதியை மட்டும் அகற்றிவிட்டு மற்றதற்கு அனுமதி வாங்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பல வீடுகள் இப்படித் தப்பியிருக்கின்றன.

கட்டிக் கொடுக்கும் நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் சரியான இடம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தனி ஆளிடம் பழைய வீடு வாங்கியிருந்தால் பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றம்தான். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, முக்கியமான குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. "வரைபடத்தைக் கொடுத்தேன், மாடியைக் கண்ணால் பார்த்துத்தானே வாங்கினார்கள்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்வார். ஆகவே விற்றவர் அனுமதி இருப்பதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம், கைப்பேசியில் அனுப்பிய செய்திகள், விளம்பரம் எதையும் அழித்துவிடாமல் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.