கேள்வி–பதில்: மூடிய ரயில் பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குச் சின்ன ரயில் ஓடியதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்று ஒரு துண்டுத் தண்டவாளம்கூடக் கண்ணில் படவில்லை. பாதை போன இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், தருமபுரி

1906இல் மொரப்பூர்–தருமபுரி இடையே திறந்து, 1913இல் ஓசூர் வரை நீண்ட, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மி.மீ. அகலமுள்ள குறும்பாதை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. இரும்புக்கு விலை உண்டு என்பதால், மூடிய பாதையில் முதலில் காணாமல் போவது தண்டவாளம்தான். அதைத் தேடி அலையாதீர்கள். பாதைக்காகப் போட்ட மண் கரையையும், அதன் அடியில் தண்ணீர் போக விட்ட மதகுகளையும் தேடுங்கள். கரையை வெட்டி எடுத்துப் போக யாருக்கும் நேரமில்லை. மதகை இடித்தால் வயலுக்குத் தண்ணீர் போகாது. ஆகவே அவை இரண்டும்தான் நிற்கும்.

முதல் வேலை வரைபடம். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குல (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) வரைபடத்தைப் பிடியுங்கள். அதன் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டும் அளவெடுத்த ஆண்டும் தனித்தனியாக இருக்கும். பலர் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். உங்கள் பாதைக்கு 1913க்குப் பிறகும் போருக்கு முன்பும் அளவெடுத்த தாள் வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் 1:2,50,000 அளவு இந்திய வரைபடங்கள் அருமையானவை. ஆனால் அவை 1950களில் தொகுத்தவை, போரோடு போன பாதைக்கு அவற்றை நம்ப முடியாது. பின்னாளில் மூடிய மயிலாடுதுறை–தரங்கம்பாடி போன்ற மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதைகளுக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது வருவாய்த்துறைப் பதிவு. ஊர் 'அ' பதிவேட்டில் (ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகச் சொல்லும் ஏடு) "ரயில்வே புறம்போக்கு" என்று ஒரு சர்வே எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழக அரசின் இணையச் சேவையிலேயே 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். நீளமாக, ஒரே அகலத்தில், மெல்ல வளைந்து போகும் நிலத்துண்டுதான் நீங்கள் தேடுவது.

பிறகு செயற்கைக்கோள் படம். கோடையில் எடுத்த படமாகப் பாருங்கள், மழைக்காலப் பசுமை எல்லாவற்றையும் மூடிவிடும். வயல் வரப்புகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சீமைக் கருவேல வரிசை, இரண்டாகப் பிரிந்த குளம், கோட்டின் ஓரமாகச் சங்கிலிபோல் குழிகள் (கரை போட மண் எடுத்த இடங்கள்), இவை மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். வாய்க்கால் கரையைப் பார்த்து ஏமாறுவது சகஜம். வாய்க்கால் கரை நிலத்தின் மட்டத்தை ஒட்டி நெளியும். ரயில் கரையோ பள்ளத்தில் மேடாகவும் மேட்டில் வெட்டாகவும் மாறி மாறி வரும்.

தனுஷ்கோடியில் பழைய ரயில் பாதை இப்போதும் தெரியுமா?
— வாசகி, பரமக்குடி

தெரியும், ஆனால் மணலைப் பொறுத்து. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இலங்கைக்குக் கப்பல் ஏறுவோருக்காக ஓடிய மீட்டர் கேஜ் பாதை அது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலோடு பாதையும் போனது, மறுபடி போடப்படவில்லை. நிலையக் கட்டடத்தின் சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும் நிற்கின்றன. காற்றும் அலையும் மணலை நகர்த்துவதால், ஒரு மாதம் தெரிந்த இரும்பு அடுத்த மாதம் புதைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு போவது நல்லது. சுவர்களின் நிழலில் உட்காராதீர்கள், உப்பு அரித்த சாந்து எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

எங்கள் ஊர் நிலையத்தில் வேலிக் கம்பமாகத் தண்டவாளத் துண்டுகளை நட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்தவை?
— வாசகர், மதுரை

காணாமல் போன தண்டவாளம் இப்படித்தான் நின்றுகொண்டிருக்கும். உயரத்தையும் அடிப்பகுதியின் அகலத்தையும் அளந்து பாருங்கள். உயரம் 105 மி.மீ., அடி 100 என்றால் கெஜத்துக்கு 50 பவுண்டு ரகம். 114க்கு 110 என்றால் 60 பவுண்டு. 129க்கு 122 என்றால் 75. 143க்கு 136 என்றால் 90. உயரம் 156க்குப் போனால் அது மீட்டருக்கு 52 கிலோ, பிற்காலத்தது. பவுண்டுக் கணக்கை 0.496ஆல் பெருக்கினால் மீட்டருக்குக் கிலோ வரும். உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். சக்கரம் தேய்த்துத் தலை குறைந்திருக்கும். கடலோரத்தில் நேர்மாறாக அடிப்பகுதி கத்தி விளிம்புபோல் அரித்திருக்கும். அதனால்தான் இரண்டு அளவும் வேண்டும்.

நடுத்தண்டில் (தலைக்கும் அடிக்கும் இடைப்பட்ட பகுதியில்) தயாரிப்பாளர் பெயர், ரகம், ஆண்டு ஆகியவை புடைப்பெழுத்தாக இருக்கும். துருவைச் சுரண்ட வேண்டாம், அமிலம் கூடவே கூடாது. சாக்பீஸை எழுத்தின் மேல் படுக்கவைத்துத் தேயுங்கள், அல்லது பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். அந்த ஆண்டு ஆலையில் தண்டவாளத்தை உருட்டித் தயாரித்த ஆண்டு, பாதை போட்ட ஆண்டல்ல. முக்கியப் பாதையில் தேய்ந்ததைக் கிளைப் பாதைக்கு மாற்றுவது ரயில்வேயின் வழக்கம்.

தண்டவாளத்துக்கு அடியில் போடும் மரக்கட்டை கிடைத்தாலும் விவரம் சொல்லும். அகலப்பாதைக் கட்டை 275 செ.மீ. நீளம், மீட்டர் கேஜ் 180, 762 மி.மீ. பாதைக்கு 150.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில் ஓடியது உண்மையா?
— வாசகர், போடி

உண்மை. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908இல் இரண்டடிக் குறும்பாதையாக மாறியது. தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிலில் மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். 1924 ஜூலை வெள்ளம் பாதையை அடியோடு அழித்தது. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் எஞ்சின் சக்கரம் ஒன்றைப் பார்க்கலாம். கொட்டகுடிப் பக்கம் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீயை நினைவில் வையுங்கள், கோடையில் அந்தச் சரிவுக்குப் போகவே வேண்டாம்.

கிடைத்த ஆணி, பிஷ் பிளேட்டை (தண்டவாளங்களை இணைக்கும் தகடு) வீட்டுக்கு எடுத்து வரலாமா?
— வாசகர், விருத்தாசலம்

கூடாது. 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். இருப்பிடக் குறிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆணி எந்த வரிசையில், எந்த இடைவெளியில் கிடந்தது என்பதிலிருந்துதான் பாதையின் போக்கும் அகலமும் தெரியும். வீட்டு அலமாரியில் அது வெறும் பழைய இரும்பு.