பாட்டுக் கேட்கும் ஹேண்ட்போன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி "இது உண்மையா?" என்று கேட்பவர்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் ரிப்பேர் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்கள். எழுதி அனுப்புபவர்களும் உண்டு. இந்த முறை எல்லாம் ஹேண்ட்போனில் பாட்டுக் கேட்பது பற்றியவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். முதல் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, நான் செம்பனையில் குலை வெட்டுகிறேன். இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வேன். ஹேண்ட்போன் மின்னலை இழுக்கும், பையிலேயே வைக்கக்கூடாது என்று மண்டோர் சொல்கிறார். நிஜமா?

இல்லை தம்பி. ஹேண்ட்போன் மின்னலை இழுக்காது. அதிலிருந்து வரும் அலைக்கு அந்தச் சக்தி கிடையாது. மின்னல் எங்கே விழும் என்பதை உயரமும், வெட்டவெளியில் தனியாக நிற்பதும்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். இந்தப் பேச்சு வீட்டுத் தொலைபேசியிலிருந்து வந்திருக்கலாம். கம்பி போட்ட போனில் இடி நேரத்தில் பேசுவது உண்மையிலேயே ஆபத்து, ஏனென்றால் மின்சாரம் கம்பி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அதே காரணத்தால், இடி இடிக்கும்போது சார்ஜரில் செருகியிருக்கும் ஹேண்ட்போனைக் கையில் எடுக்காதீர்கள். செருகாத போனால் அந்தப் பயம் இல்லை.

ஆனால் இயர்போன் விஷயத்தில் மண்டோர் சொல்வதைக் கேளுங்கள். கனடாவில் இசைக்கருவியோடு ஓடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்து மரத்தில் விழுந்த மின்னலில் அடிபட்டதை 2007ல் மருத்துவர்கள் ஓர் இதழில் எழுதினார்கள். இயர்போன் கம்பி போன தடத்தில் தோல் வெந்திருந்தது, இரண்டு செவிப்பறையும் கிழிந்திருந்தன, தாடை எலும்பு உடைந்திருந்தது. கருவி மின்னலை அழைக்கவில்லை. ஆனால் மின்னல் தாக்கியபோது வியர்வையும் காதிலிருந்த கம்பியும் சேர்ந்து மின்சாரத்தைத் தலைப் பக்கம் கொண்டுபோய்விட்டன என்று அவர்கள் விளக்கினார்கள்.

உங்கள் கையில் அரிவாள் கட்டிய நீளமான அலுமினியக் கம்பு வேறு இருக்கிறது. என் கவலை அதைப் பற்றித்தான். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 வினாடிக்குள் இடி கேட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ, மூடிய லாரிக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு திரும்பினால் போதும். அந்தக் கம்பு மின்கம்பியில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் ஷாக் அடிக்க மழையும் வேண்டாம் இடியும் வேண்டாம்.

இன்னொன்று. 20 கிலோ குலை மேலிருந்து வரும்போது கூட இருப்பவர் கத்துவது உங்களுக்குக் கேட்க வேண்டும். பின்னால் வரும் டிராக்டரும் கேட்க வேண்டும். மரத்தடியில் நிற்கும் நேரத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டைச் சாப்பாட்டு நேரத்தில் ஆசை தீரக் கேளுங்கள்.

பசார் மாலத்தில் 1 டிபி மெமரி கார்டு 25 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பாட்டு ஏற்றினால் பெயர் தெரிகிறது, பாடவில்லை. போன் பழசானதால் இப்படி என்கிறார்கள்.

போன் மேல் பழி போடாதீர்கள், அது போலிக் கார்டு. அந்த விலைக்கு 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, வராது. உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபியாக இருக்கும். கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தி, தன்னை 1 டிபி என்று போனிடம் சொல்லும்படி செய்துவிடுகிறார்கள். ஒரு படிப் பானைக்குப் பத்துப் படி என்று சீட்டு ஒட்டியது போல. நிரம்பிய பிறகு வரும் பாட்டுகள் பழைய பாட்டுகளின் மேலேயே எழுதப்படும், இல்லையென்றால் எங்கும் எழுதப்படாமலே போகும். பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும். போன பாட்டுகளை மீட்க முடியாது. நல்ல நிலையில் இருப்பவற்றை இன்றைக்கே கணினிக்கு மாற்றிவிட்டு அந்தக் கார்டைத் தூக்கிப் போடுங்கள். கல்யாணப் படங்களை அதில் வைத்திருந்தால் இன்னும் அவசரம்.

புதுக் கார்டு வாங்கியதும் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் கணினியில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைக் காட்டிவிடும்.

சரி, உங்களுக்கு 1 டிபி எதற்கு? 128 கேபிபிஎஸ் (ஒரு வினாடிப் பாட்டுக்கு ஆகும் டேட்டா அளவு, எண் கூடினால் தரமும் கூடும்) எம்பி3யில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 5 எம்பி. நல்ல தரமான 320ல் 12 எம்பி. 32 ஜிபி கார்டில் அந்த 320 தரத்திலேயே 2,500 பாட்டு அடங்கும். பெரும்பாலான பழைய போன்கள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வாக்மேன் போனில் கேட்ட சத்தம் இப்போது வரும் எந்தப் போனிலும் இல்லை என்று அப்பா சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யார் சொல்வது சரி?

இரண்டு பேரிடமும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. போனில் எம்பி3 கேட்பது 2000லேயே வந்துவிட்டது. சீமென்ஸ் எஸ்எல்45 அப்போதே மெமரி கார்டில் பாட்டு வைத்துப் பாடியது. 2005 பெரிய ஆண்டு. சோனி எரிக்சன் டபிள்யூ800 முதல் வாக்மேன் போனாக வந்தது. அதே ஆண்டில் மோட்டோரோலா ரோக்கர், ஆப்பிளின் ஐடியூன்ஸோடு வந்தது, ஆனால் 100 பாட்டுக்கு மேல் வைக்க விடவில்லை. நோக்கியா என்91 உள்ளே 4 ஜிபி ஹார்டு டிஸ்க்கையே வைத்திருந்தது. 2007ல் எக்ஸ்பிரஸ்மியூசிக் 5310 வந்தது. அந்தக் காலத்தில் பாட்டுக்காகவே போன் செய்தார்கள். பாட்டுக்குத் தனிப் பொத்தான், பெட்டியிலேயே நல்ல இயர்போன், 'பாஸ்' என்ற கனமான தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பு எல்லாம் இருந்தன. அப்பா ரசித்தது அதைத்தான். அந்த ரசனையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அளந்து பார்த்தால், இன்றைய நடுத்தர விலைப் போனின் ஒலி பழைய வாக்மேன் போனுக்குக் குறைந்ததல்ல. குறைந்தது எதுவென்றால் இயர்போன். இப்போது பெட்டியில் இயர்போனே வைக்காத நிறுவனங்கள் பல. 2016ல் ஐபோன் 7 இயர்போன் செருகும் துளையை எடுத்துவிட்டது, அப்புறம் மற்றவர்களும் எடுத்தார்கள். அதனால் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனைக் குறை சொல்கிறோம். 800 ரிங்கிட் போனோடு 10 ரிங்கிட் இயர்போனைச் சேர்த்தால் கேட்பது அந்த 10 ரிங்கிட்தான். 60, 70 ரிங்கிட்டில் ஒரு நல்ல கம்பி இயர்போன் வாங்கி, 320 தரத்தில் ஒரே பாட்டை இரண்டு போனிலும் போட்டு, அப்பாவும் நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். இயர்போன் துளை இல்லாத டைப்-சி போன் என்றால், இயர்போனைச் செருக ஒரு மாற்றி (அடாப்டர்) வேண்டும், ஒலிச் சில்லு உள்ளே இருக்கும் மாற்றியாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பியாக இருக்கும் மலிவு மாற்றி பல போன்களில் வேலை செய்யாது.

அப்பாவின் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் மூடப்பட்டுவிட்டது, அதில் இணையம் பார்ப்பது சிரமம். ஆனால் பாட்டுப் பாட சிம் கார்டே தேவையில்லை. பேட்டரி மட்டும் உப்பியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம்.

பழைய நோக்கியாவில் *3370# அடித்தால் மறைந்திருக்கும் பேட்டரி திறக்குமாம், பாட்டு அதிக நேரம் ஓடுமாம்?

மறைந்த பேட்டரி எந்தப் போனிலும் இல்லை. சில பழைய நோக்கியாக்களில் அந்த எண் பேச்சுக் குரலின் தரத்தைக் கூட்டுவதற்கானது. அதனால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரமே தீரும்.

சத்தத்தை 300 விழுக்காடு கூட்டும் செயலி நல்லதா?

வேண்டாம். சின்ன ஸ்பீக்கரால் தர முடியாத சத்தத்தை அதனிடம் கேட்டால் முதலில் கரகரக்கும், பிறகு கிழியும். வீட்டில் எல்லாரும் கேட்க வேண்டும் என்றால் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்குங்கள்.

அம்மாவுக்குப் பழைய பாட்டுதான் உயிர். எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான். யூடியூப் பாதியில் நிற்கிறது, டேட்டாவும் பேட்டரியும் பறக்கின்றன. பாட்டுக் கேட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்பது சரிதானா?

பாட்டுக் கேட்பது பேட்டரியைக் கெடுக்காது அக்கா. திரையை அணைத்துவிட்டு, போனில் ஏற்றிய பாட்டைக் கேட்டால் மிகக் குறைவாகத்தான் செலவாகும். பேட்டரியைத் தின்பது திரையும் அந்த ஒரு கோடு சிக்னலும்தான். சிக்னல் மெலிந்தால் போன் கோபுரத்தைப் பிடிக்க அதிகச் சக்தி போட்டு அனுப்புகிறது, சூடாகிறது. வெறும் பாட்டு 128 தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பிக்குள் முடியும். அதையே வீடியோவாகப் பார்த்தால் பல மடங்கு.

பட்டணத்துக்கு வரும்போது நல்ல வைஃபை உள்ள இடத்தில், கட்டணப் பாட்டுச் சேவை இருந்தால் அதில் பதிவிறக்கிக் கொடுங்கள். வீட்டில் பாட்டு சிடி இருந்தால் கணினியில் எம்பி3யாக மாற்றிக் கார்டில் ஏற்றுங்கள். அப்புறம் போனைப் பறப்பு முறையில் (ஏரோபிளேன் மோட்) போட்டுவிட்டால் அம்மா நாள் முழுக்கக் கேட்கலாம். போனில் எஃப்எம் இருந்தால் மின்னல் எஃப்எம், ராகா வானொலிகள் டேட்டா இல்லாமலே வரும். அதற்குக் கம்பி இயர்போன் செருகியிருக்க வேண்டும், அந்தக் கம்பிதான் ஏரியல். செருகிய பிறகும் போனில் 'ஸ்பீக்கர்' என்பதை அழுத்தினால் சத்தம் வெளியே கேட்கும்.

தமிழில் பெயர் வைத்த பாட்டெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. வைரஸா?

இல்லை. போனில் தமிழ் எழுத்துரு இல்லை, அல்லது பாட்டின் விவரம் பழைய முறையில் எழுதப்பட்டிருக்கிறது. 'எம்பி3டேக்' மென்பொருளில் விவரங்களை யுனிகோடில் சேமித்துப் பாருங்கள். எழுத்துருவே இல்லாத போன் என்றால் ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதைத் தவிர வழி இல்லை.

மகன் சார்ஜில் போட்டபடியே இயர்போனில் பாட்டுக் கேட்டுத் தூங்குகிறான். ஷாக் அடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. காதும் கெடுமா?

இந்தச் செய்தியைத் தள்ளிவிட வேண்டாம். ஒழுங்கான சார்ஜரில் வீட்டு மின்சாரமும் போனுக்குப் போகும் 5 வோல்ட்டும் உள்ளே தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சந்தையில் விற்கும் மலிவுப் போலிகளில் அந்தப் பிரிப்பு சரியாக இருக்காது. அது பழுதானால் மின்சாரம் போன் வழியாக இயர்போனுக்கே வரலாம். மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ள சார்ஜர் மட்டும் வாங்குங்கள். போன் தலையணைக்கு அடியில் இருக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது கம்பி இயர்போன் காதில் இருக்கவும் கூடாது.

காது கெடுமா என்றால், சத்தத்தையும் நேரத்தையும் பொறுத்தது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒலியைப் பாதியளவுக்கு மேல் போகாமல் போனின் அமைப்பில் பூட்டி வையுங்கள். தூங்கும் நேரத்துக்குப் பாட்டு தானாக நிற்கும் டைமர் பல செயலிகளில் இருக்கிறது, 30 நிமிடம் வைத்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் காதில் 'ங்...' என்று இரைகிறது என்று பையன் சொன்னால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள்.